மூன்று பேர் ஒப்புக்கொண்ட ஒரு விரிசல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஒன்பது மாதப் பெண் இனியா தூளியோடு கீழே விழுந்தாள்.

2. அழுதாள். நாங்கள் மூன்று பேரும் அவளைவிட அதிக நேரம் அழுதோம்.

3. அரை மணி நேரம் கழித்தும் அவள் இடது கையைத் தூக்கவில்லை. நான் எக்ஸ்ரே எடுப்பவள். தூக்காத கைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

4. மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அட்டை மடங்கியதுபோல் ஒரு சின்ன விரிசல்.

5. எப்படி விழுந்தாள் என்று எங்களை ஒவ்வொருவராகத் தனி அறையில் வைத்துக் கேட்டார்கள்.

6. மூன்று பேரும் முழு மனதோடு குற்றத்தை ஒப்புக்கொண்டோம்.

7. குழந்தையை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எண் ஆறுதான் இதை எழுதக் காரணம். நேற்று இனியாவுக்கு முதல் பிறந்தநாள். வாழ்த்து அட்டைகளோடு இந்த ஊர்க் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. வாழ்த்து அல்ல, எங்கள் கோப்பு மூடப்பட்டதாக இரண்டு வரி. காஞ்சிபுரத்தில் இந்தக் கதை இதற்குள் பல வடிவங்களில் உலவுகிறது என்று கேள்வி. ஒரு வடிவத்தில் என் கணவருக்கு விலங்கு மாட்டியிருக்கிறார்கள். இன்னொன்றில் குழந்தையை ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தத்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே சரியான வடிவத்தை நானே தருகிறேன். எண்கள் தொடர்கின்றன.

8.

வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான் கௌரி. சென்னையில் எக்ஸ்ரே தொழில்நுட்பம் படித்து, காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் இரண்டு வருடம் வேலை பார்த்து, இப்போது நான்கு வருடமாக இங்கிலாந்தின் வடக்கே, மழை நின்றால் ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்க்கும் ஒரு ஊரில், மருத்துவமனையில் படமெடுக்கிறேன். கணவர் சரவணனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மாமனார் ஏகாம்பரம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இன்றும் தறியில் உட்காருபவர். பேத்தியைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருந்தார்.

என் வேலையில் ஒரு பகுதியை ஊரில் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. நடக்கத் தொடங்காத ஒரு குழந்தைக்கு எலும்பு முறிந்தால், இங்கே அந்த எலும்பை மட்டும் படமெடுத்து அனுப்பிவிட மாட்டார்கள். யாராவது அடித்திருக்கலாம், உலுக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் உச்சி முதல் பாதம் வரை, ஒவ்வொரு பகுதியாக, முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்க வேண்டும். மொத்த உடம்பையும் ஒரே படத்தில் அடக்கக் கூடாது. சின்ன விரிசல்கள் அதில் தப்பிவிடும். படமெடுக்க ஒருவர், சாட்சியாக இன்னொருவர். பழைய முறிவு ஏதாவது ஆறிக்கொண்டிருக்கிறதா, விலா எலும்பில் முதுகுப்பக்கம் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நான் இதற்குப் பயிற்சி பெற்றவள். பயிற்சியில் கொடுத்த தாளில் முதல் வரி: காயத்துக்குச் சொல்லப்படும் காரணம் ஆளுக்கு ஆள் மாறுகிறதா என்று கவனிக்கவும். அந்த வரியை மஞ்சள் பேனாவால் நானே கோடிட்டு வைத்திருந்தேன்.

9.

தூளி எப்படி வந்தது என்றால், இனியா இந்த ஊர்க் கட்டிலில் தூங்க மறுத்தாள். மாமனார் அந்தக் கட்டிலை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, ஆட்டுக்குட்டியைக் கட்டி வைக்கிற பட்டி மாதிரி இருக்குது" என்றார். தூளி கட்ட உத்தரம் கிடையாது. வாடகை ஒப்பந்தப்படி சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சரவணன் உடற்பயிற்சி செய்வதாக முடிவெடுத்த ஒரு ஜனவரியில் வாங்கிய இரும்புக் கம்பி ஒன்று கதவு நிலையில் திருகி நின்றது. அவர் அதில் தொங்கியதாக எனக்கு நினைவில்லை. நூறு கிலோ தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். மாமனார் என் பழைய நூல் சேலையை அதில் கட்டி, தான் போட்ட முடிச்சைத் தானே இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். முடிச்சு கடைசி வரை அவிழவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் அதைப் பதிவு செய்யச் சொன்னார்.

அன்று நான் சமையலறையில் இருந்தேன். சரவணன் குளித்துக்கொண்டிருந்தார். மாமனார் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். கம்பி நிலையிலிருந்து நழுவியது. நடந்தது இவ்வளவுதான். இனி நாங்கள் சொன்னதைச் சொல்கிறேன்.

10.

நான் சொன்னது: "நான்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் தோட்டத்தில் இருந்தார்." காரணம், அவருடைய விசா. ஒரு பிழைக்காக அவரை விமான நிலையத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். எந்தச் சட்டத்தின் கீழ் என்று யோசிக்கவில்லை.

சரவணன் சொன்னது: "நான்தான் ஆட்டினேன். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள்." காரணம், என் வேலை. குளியலறையை எனக்குக் கொடுத்துவிட்டால் நான் பத்திரம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

மாமனாருக்குத் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்தார்கள். இலங்கைத் தமிழ்ப் பெண், பொறுமையானவர். ஆனால், இது விபத்தா என்று ஆங்கிலத்தில் கேட்டபோது மாமனார் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆக்சிடென்ட் என்றால் அவருக்கு லாரி, பஸ். "நோ, நோ ஆக்சிடென்ட்" என்று ஆங்கிலத்திலேயே உறுதியாகச் சொன்னார். பிறகு தமிழில்: "நான் ஆட்டிக்கினு இருந்தேன்மா. கம்பி புடுங்கிக்கினு வந்துச்சு. ரெண்டு முழம் ஒசரம் இருக்கும். எம் புள்ள மேலயும் மருமவ மேலயும் ஒரு தப்பும் இல்ல. என்னை உள்ள வெச்சாலும் பரவால்ல."

மருத்துவர் மூன்று தாள்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். மிகவும் மரியாதையான பெண்மணி. "மன்னிக்கவும். அந்தத் தொட்டிலை நீங்கள் மூவரும் ஒரே நேரத்தில் ஆட்டினீர்களா?" என்று கேட்டார்.

இடையில் ஒரு செவிலியர் இனியாவின் உடம்பைத் தலை முதல் கால் வரை பார்த்து, அச்சடித்த ஒரு குழந்தைப் படத்தில் குறித்துக்கொண்டிருந்தார். முதுகின் கீழே பிறப்பிலேயே இருக்கும் நீலத் திட்டு ஒன்று. கன்னத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவில் கருவட்டம் ஒன்று. ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்து, 'அகன்றது' என்று எழுதினார். திருஷ்டிப் பொட்டு அரசாங்க ஆவணத்தில் ஏறியது அப்படித்தான்.

11.

ஊரில் இருப்பவர்களுக்கு நாங்கள் செய்தது புரியும் என்பதால் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எனக்கு ஆறு வயதில் அப்பாவின் தறிக்குழியில் விழுந்து கை முறிந்தது. நெசவாளர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் அந்தப் பள்ளத்தில் விழ ஒருவருடைய உதவியும் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் மாலைக்குள் ஐந்து பேர் பொறுப்பேற்றார்கள். பள்ளத்தை மூடாதது தன் தப்பு என்று அப்பா. பார்த்துக்கொள்ளாதது தன் தப்பு என்று அம்மா. முறுக்கு கொடுத்து அந்தப் பக்கம் அனுப்பியது தான்தான் என்று அத்தை. அப்பாவைப் பேச்சுக்குக் கூப்பிட்டு எழுப்பியது தான்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர். அன்றைக்குச் சீக்கிரம் வந்து மணி அடித்ததால்தான் நான் ஓடினேன் என்று பால்காரர். பக்கத்துத் தாமல் கிராமத்தில் எலும்புக்குக் கட்டு போடுபவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "எந்தக் கை?" என்றார், அவ்வளவுதான்.

குழந்தைக்கு அடிபட்டால் 'என்னாலதான்' என்று முந்திக்கொள்வது எங்களுக்கு மரியாதை. முந்திக்கொள்ளாதவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இதே மரியாதையை இங்கிலாந்தில் தனித்தனி அறைகளில் செய்தால் அதற்கு முரண்பட்ட வாக்குமூலம் என்று பெயர்.

12.

முழு உடம்புப் படங்களை என் மருத்துவமனையில் எடுக்க முடியாது. நான் அங்கே வேலை செய்கிறேன். நாற்பது நிமிடத் தூரத்தில் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு செவிலியரோடு இனியா உள்ளே போனாள். கதவு மூடியது. எனக்கு எப்போதும் கதவின் உட்பக்கம்தான் பழக்கம். வெளியே ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது என்பதே அன்றுதான் மனதில் ஏறியது. ஒவ்வொரு படத்துக்கும் அது எரிந்து அணையும். எண்ணினேன். தலை இரண்டு. மார்பு ஒன்று. விலா, வலம், இடம்.

"ஒரு கைக்கு இத்தினி படமாம்மா?" என்றார் மாமனார்.

"கைக்கு இல்ல மாமா. உடம்பு பூரா எடுக்குறாங்க."

"உடம்பு பூராவா? ஏன்?"

"நாம அடிச்சிருப்பமோன்னு பாக்குறாங்க."

அவர் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த முயல் படத்தைப் பார்த்தார். "பாக்கட்டும். எம் பேத்திக்கு எலும்பு எவ்ளோ நல்லா இருக்குதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்" என்றார்.

அடுத்து கை என்று நினைத்திருந்தபோது, உள்ளே ஒரு குரல் 'விலா, இன்னொரு தரம்' என்றது. விளக்கு மறுபடி எரிந்தது. மறு படத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. குழந்தை அசைந்திருக்கலாம். அல்லது எதையோ பார்த்திருக்கலாம். அந்தப் பக்கம் இருந்தபோது, வெளியே வந்து 'குழந்தை கொஞ்சம் அசைந்தாள்' என்று பெற்றோரிடம் நானே சொல்லியிருக்கிறேன். சில தடவை அது உண்மையில்லை.

அன்று அது உண்மை. வேறு எந்த எலும்பிலும் ஒன்றும் தெரியவில்லை. தலை ஸ்கேனும் சுத்தம். ஆனால் விலாவில் விழும் புது விரிசல் முதல் நாள் தெரியாமல் போகலாம். ஆறத் தொடங்கும்போதுதான் வெளிப்படும். ஆகவே இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இதையும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விளக்கினார்கள்.

13.

அந்த இரண்டு வாரத்துக்கு ஜேனட் என்ற சமூகப் பணியாளர் எங்களுக்கு நியமிக்கப்பட்டார். முதல் படங்களில் வேறொன்றும் இல்லாததால் குழந்தை வீட்டுக்கு வரலாம். ஆனால் எங்கள் மூவரில் யாரும் அவளோடு தனியாக இருக்கக் கூடாது. சந்தேகத்துக்கு ஆளாகாத ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வழக்கமாக வீட்டில் அப்படி ஒருவராவது மிஞ்சுவார். எங்கள் வீட்டில் அனைவரும் ஒப்புக்கொண்டுவிட்டதால் யாரும் மிஞ்சவில்லை.

பக்கத்து நகரத்தில் என் தோழி புவனா இருக்கிறாள். சின்ன காஞ்சிபுரத்துப் பெண். ஜேனட் அவளைத் தொலைபேசி ஒலிபெருக்கியில் அழைத்து விவரம் சொன்னார். மறுமுனையில் ஒரு விசும்பல். பிறகு, "ஐயோ கௌரி, அந்தக் கம்பியிலயே கட்டலாமேன்னு உனக்குச் சொன்னது நான்தானே? எல்லாம் என்னாலதான்." அதையே அவள் ஜேனட்டுக்காக ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னாள். ஜேனட் தன் பட்டியலில் ஒரு பெயரை அடித்தார்.

கடைசியில் எதிர்வீட்டு மார்கரெட் வந்தார். எழுபது வயது, பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடத்தில் எங்களோடு பேசியது எந்த வாரம் எந்த நிறக் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது என்பது குறித்து மட்டும். ஒரு சின்னப் பெட்டி, குறுக்கெழுத்துப் புத்தகம், தன் சொந்தத் தேயிலை ஆகியவற்றோடு எங்கள் சின்ன அறைக்குக் குடிவந்தார். மாமனார் வரவேற்பறை சோபாவுக்கு மாறினார். இருவருக்கும் பொது மொழி இல்லை. மூன்றாம் நாளிலிருந்து சேர்ந்து பச்சைப் பட்டாணி உரித்தார்கள்.

14.

இதுவரை எழுதியது சிரிப்பதற்கு. இது அப்படி இல்லை.

மார்கரெட் வீட்டில் இருந்த அந்த நாட்களில் எனக்குக் காஞ்சிபுரத்து ஸ்கேன் சென்டர் நினைவாகவே இருந்தது. நான் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பு இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கூட ஆறு பேர். படியில் விழுந்துவிட்டதாம். மணிக்கட்டைப் படமெடுக்கச் சீட்டு. எடுத்தேன். புது முறிவு தெரிந்தது. படத்தின் மேல் ஓரத்தில், முழங்கைக்குக் கீழே, பழைய முறிவு ஒன்று ஆறிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. அறிக்கை எழுதும் டாக்டரிடம் காட்டினேன்.

"கேட்டது மணிக்கட்டு. குடுத்தாச்சு மணிக்கட்டு. வுடுமா" என்றார்.

வெளியே வந்தேன். ஆறு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான்தான் பார்த்துக்கல, நான்தான் கதவ சாத்தல, எல்லாம் என் தப்பு. அறை முழுக்கப் பாசம். நானும் மனம் இளகி, "சரியாப் போயிடும்மா" என்று உறையைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த ஆறு பேரில் ஒருவர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இடத்தில் ஒளிந்துகொள்வது மிகவும் சுலபம். இங்கே நான் சொன்ன பொய், அந்த ஒருவருக்கு வசதியான அதே கூட்டத்தில் இன்னொரு குரல். ஒரு வித்தியாசம்: இங்கே ஒருவர் தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ஒரு நாள் காலை ஜேனட்டை அழைத்து, நான் சொன்னது பொய் என்றேன். எழுத்திலும் கொடுத்தேன். "உங்கள் மேலதிகாரிக்கு இது தெரிவிக்கப்படும். புரிகிறதா?" என்று கேட்டார். புரிகிறது என்றேன். சரவணன் தன் தாளை மாற்றிக்கொள்ள அதற்கு மேல் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். "நைனாவ நாமளே மாட்டி விடுற மாதிரி இருக்குது" என்று அவர் அப்பாவின் முன்னாலேயே சொன்னார்.

"டேய், நான்தான்டா மொதல்லருந்து உள்ளத சொல்லிக்கினு இருக்கிறேன்" என்றார் மாமனார். "படிச்சவங்க நீங்க ரெண்டு பேருதான் பொய் சொன்னீங்க."

15.

ஜேனட் வீட்டுக்கே வந்தார். ஒரு காவல் அதிகாரியும் சாதாரண உடையில் வந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அளவுநாடாவோடு நின்றார். ஓட்டைக் காலுறையை மறைக்க ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசி ஒலிபெருக்கியில். தூளியை அன்று போலவே கட்டிக் காட்டச் சொன்னார்கள். குழந்தைக்குப் பதிலாக அதே எடையில் அரிசி. மாமனார் அரிசி மூட்டையை ஒரு துண்டில் சுற்றி, தலைப்பக்கம் எதுவென்று யோசித்துப் படுக்க வைத்தார்.

ஆட்டினார். கம்பி நின்றது. மேலும் ஆட்டினார். கம்பி அசையவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. இனியா விழுந்துவிடக் கூடாது என்று நான் எந்த அளவுக்கு வேண்டியிருப்பேனோ, அந்த அளவுக்கு அந்த அரிசி விழ வேண்டும் என்று அன்று வேண்டினேன். மாமனாரின் நெற்றியில் வியர்வை. நல்ல முடிச்சு போட்டதற்காக அவர் வாழ்க்கையில் முதல்முறை வருத்தப்பட்டிருப்பார்.

"நான் முயன்று பார்க்கலாமா?" என்றார் ஜேனட்.

சேலையைப் பிடித்தார். ஒரு முறை ஆட்டினார். இரண்டாவது ஆட்டத்தில் கம்பியின் ஒரு முனை நிலையிலிருந்து வழுக்கி, மொத்தமும் தரையில் இறங்கியது. துண்டு பிரிந்து அரிசி அறை முழுக்க ஓடியது. அதிகாரி அளவுநாடாவை வைத்துப் பார்த்தார். மாமனாரின் இரண்டு முழம் சரியாக இருந்தது.

ஜேனட் வாயில் கை வைத்தபடி நின்றார். மாமனார் அவர் அருகே போய், அவர் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"வுடுமா. உம் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் சரியா கட்டல."

ஒலிபெருக்கி அதை ஆங்கிலத்தில் சொன்னது. ஜேனட் ஒலிபெருக்கியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அன்றும் இப்படித்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஏதோ எழுதத் தொடங்கி, பேனாவை மூடிவிட்டு, அரிசி பொறுக்கக் குனிந்தார்.

16.

இரண்டாவது வரிசைப் படங்கள் குறித்த நாளில் எடுக்கப்பட்டன. சிவப்பு விளக்கை நான் எண்ணவில்லை. முன்கை எலும்பு ஆறிக்கொண்டிருந்தது, ஒரு முறிவு எந்த வேகத்தில் ஆற வேண்டுமோ அந்த வேகத்தில். விலாக்களில் ஒன்றும் இல்லை. மார்கரெட் அன்று மாலையே பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குத் திரும்பினார். பட்டாணிக்கு மட்டும் வருகிறார்.

17. இன்றைய நிலை:

இனியா வீட்டில் இருக்கிறாள். கை நன்றாக இருக்கிறது. அவள் பேசிய முதல் சொல் மார்கரெட் கற்றுக்கொடுத்தது: எதையாவது கீழே போட்டால் 'ஊப்ஸ்' என்கிறாள். யாருடைய தப்பு என்று மட்டும் சொல்வதில்லை.

மாமனார் காஞ்சிபுரம் திரும்பிவிட்டார். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் நாள் பார்த்திருக்கிறார். காது குத்துவதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமா என்று இன்று காலை ஜேனட்டுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன். கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

என் மேலதிகாரி விசாரணை முடிந்து எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். குழந்தைகளின் முழு உடம்புப் படங்களை மறு உத்தரவு வரை நான் எடுக்கக் கூடாது. பெரியவர்களின் முழங்கால்களை எடுக்கிறேன்.

பழைய ஸ்கேன் சென்டருக்கும் எழுதிக் கேட்டேன். கம்ப்யூட்டரை மாற்றியபோது பழைய படங்கள் போய்விட்டனவாம்; பதிவேட்டில் 'குழந்தை, மணிக்கட்டு' என்று மட்டும் இருக்கிறதாம். கையெழுத்து என்னுடையது. அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது ஆகியிருக்கும். அவள் பெயரை நான் எழுதி வைக்கவில்லை.